மண் சுமப்பவர் யார்? மடை திறப்பவர் யார்?

(கீழவாஞ்சூரில், வெள்ளத் தடுப்புக்கான சிறு மண்ணணைகள் பற்றி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மண்ணால் ஆகிய ஒரு சிறு அணையைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். அரசியல் மேடையில் மண்கரையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நகரத்திலிருந்து வரும் நண்பர் கேட்கக்கூடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், நள்ளிரவில், மழைக்கிடையே, 'உடைப்பு! உடைப்பு!' என்று ஊர் அலறும் குரலை ஒரு முறையேனும் கேட்டவர் அவ்வாறு கேட்கமாட்டார். அந்தக் குரல் எழும் வேளையில் மண்வெட்டியோடு எவர் ஓடுகிறார், எவர் வீட்டு மாடியில் நின்று பார்க்கிறார் என்பதைக் கண்டவருக்கு, மண்கரையைவிடப் பெரிய அரசியல் வேறில்லை என்பது விளங்கும்.

இவ்வூரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கீழ' என்ற சொல்லுக்குக் கிழக்கு என்றும் பொருள். தாழ்வு என்றும் பொருள். நம் முன்னோர் கிழக்குத் திசைக்கு அப்பெயர் இட்டதே, நிலம் அத்திசை நோக்கித் தாழ்ந்து செல்வதைக் கண்டுதான். குடகிலே பெய்த மழையும், தஞ்சை வயல்களிலே பெய்த மழையும், தாழ்ந்த திசை நோக்கி ஓடிவந்து கடலுக்கு வழி கேட்கும் இடம் இந்தக் கடற்கரை. வடக்கே அரசலாறு காரைக்கால் நகரை ஒட்டிக் கடலில் கலக்கிறது. திருமலைராயனாறு இப்பகுதிக்கு நீரும் தருகிறது. பெருமழைக் காலத்தில் நெருக்கடியும் தருகிறது. தெற்கே நாகூரை ஒட்டி வெட்டாறு கடலைச் சேர்கிறது. இவற்றுக்கு இடையே, கடலையும் ஆற்றையும் இரு பக்கமும் வைத்துக்கொண்டு வாழும் கடைமடை மக்கள் நாம்.

பக்கத்தில் உள்ள திருமலைராயன்பட்டினத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. தன்னை அவமதித்த அரசவையின்மீது சினங்கொண்ட காளமேகப் புலவர், இவ்வூரில் மண்மாரி பொழியட்டும் என்று சபித்தாராம். அவ்வாறே மண் பொழிந்து ஊர் மூடிப்போயிற்றாம். புலவர் வாக்கால் மண் பொழியும் என்பதை நம்பும் காலம் போய்விட்டது. எனினும் அக்கதையில் ஓர் உண்மை புதைந்திருக்கிறது. ஆறு கொண்டுவந்து கொட்டும் வண்டலும், கடற்காற்று அள்ளிவந்து குவிக்கும் மணலும் சேர்ந்ததே இந்தக் கரையோர நிலம். இங்கே மண் சாபமும் ஆகும்; காப்பும் ஆகும். முகத்துவாரத்தில் குவிந்தால் அது சாபம். கரையாகக் கட்டி நிறுத்தினால் அது காப்பு. எதுவாக ஆகிறது என்பதை முடிவு செய்வது தெய்வமன்று, மனிதன்.

இன்னொரு கதை உங்கள் அனைவருக்கும் தெரியும். வையையில் வெள்ளம் வந்தது; கரை உடைந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரை அடைக்கவேண்டும் என்று பாண்டியன் பறை அறைவித்தான். பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் கிழவிக்கும் ஒரு பங்கு அளந்து விடப்பட்டது. அவளுக்காகக் கூலியாளாக வந்தவர் சிவபெருமான் என்றும், அவர் முதுகில் விழுந்த பிரம்படி எல்லார் முதுகிலும் விழுந்தது என்றும் புராணம் பாடுகிறது. அற்புதத்தைப் பத்தர்களுக்கு விட்டுவிடுவோம். நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. ஆண் துணையற்ற கிழவிக்கும், ஆள் அம்பு படைத்த அரண்மனையார்க்கும் ஒரே அளவு கரையைப் பங்கிட்டது எந்த நீதி? அந்தக் கிழவியின் பங்கை அடைக்கக் கடவுளே வரவேண்டியிருந்தது என்றால், அரசன் வகுத்த முறையில் எங்கோ பிழை இருந்தது என்பதன்றோ அதன் பொருள்!

அந்தப் பிழை புராணத்தோடு முடிந்துவிடவில்லை. ஏரிக் கரைகளையும் ஆற்றுக் கரைகளையும் ஊரார் கூடிப் பேணும் வழக்கத்தைக் குடிமராமத்து என்றோம். நல்ல வழக்கம்தான். ஆனால் 1858ஆம் ஆண்டு சென்னை மாகாணத்துக்கென்று வெள்ளையர் ஆட்சி ஒரு சட்டம் செய்தது. வெள்ளத்தால் கரை உடையும் அபாயம் நேர்ந்தால், உழைக்கும் வகுப்பாரைக் கட்டாயமாக அழைத்து வேலை வாங்கலாம் என்றது அச்சட்டம். கவனியுங்கள்: நிலம் உடைய வகுப்பாரை அன்று, உழைக்கும் வகுப்பாரை! நிலம் ஒருவனுக்கு, கரை இன்னொருவன் தோளில். இதுதான் நூறாண்டுக் கணக்கில் இந்தக் காவிரிப் படுகையில் நடந்த நீதி.

இனி மண்ணணைக்கு வருவோம். மண்ணைக் குவித்தால் அணையாகிவிடும் என்று நினைப்பவர் உண்டு. அது குவியல், அணையன்று. அடியிலே உள்ள புல்லையும் வேரையும் சேற்றையும் அகற்றி, கெட்டித் தரை காணவேண்டும். நடுவிலே நீர் கசியாத களிமண்ணை நெஞ்செலும்புபோல் நிறுத்தவேண்டும். மண்ணை ஒரு சாண் கனத்துக்கு மேற்படாமல் பரப்பி, அளவான ஈரத்தில் நன்றாக இறுக்கி, அதன்மேல் அடுத்த அடுக்கைப் போடவேண்டும். நீர்ப்பக்கச் சரிவு நன்றாகச் சாய்ந்திருக்கவேண்டும். வெளிச் சரிவிலே புல் வளர்க்கவேண்டும், மரம் வளர்க்கலாகாது. மரம் பட்டுப்போனால் அதன் வேர் போன வழியே நீர் போகும். நண்டு வளையும் எலி வளையும் சிறியவைதாம். அந்தச் சிறு துளையில் தொடங்கும் கசிவு, மண்ணைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு போய், ஓர் இரவில் கரையையே கொண்டுபோய்விடும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. அதுதான் கலிங்கு. கல்லணை நீரைத் தன் தலைமேல் ஓடவிட்டு நிற்கும்; ஈராயிரம் ஆண்டுப் பழைமை உடையதென்று நாம் போற்றும் கரிகாலன் அணையே அதற்குச் சான்று. மண்ணணையால் அது முடியாது. தலைக்குமேல் நீர் புரண்டால் மண்ணணை சில மணி நேரத்தில் கரைந்துவிடும். ஆகவே மிகுதி நீர் தப்பிச் செல்ல அணைக்குப் பக்கத்தில் அகலமான ஒரு வழி, எந்நாளும் அடைபடாத வழி, இருந்தே ஆகவேண்டும்.

மண்ணணை உடைந்ததன் விலையைப் பல நாடுகள் கொடுத்திருக்கின்றன. 1961ஆம் ஆண்டு சூலை 12ஆம் நாள் மராட்டியத்தில், கட்டி முடியாத பான்செட் மண்ணணை உடைந்து புனே நகரம் மூழ்கிற்று. 1977ஆம் ஆண்டு நம் தமிழ்நாட்டிலேயே, காவிரியின் துணையாறாகிய குடகனாற்றின்மேல் எழுப்பிய மண்ணணை, கட்டிய புதிதிலேயே, வெள்ளம் தலைக்குமேல் புரண்டு உடைந்தது. 1979ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் குசராத்தில் மச்சு ஆற்று அணையின் மண்கரைகள் உடைந்து, மோர்பி நகரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் இலங்கையில், பழம்பெருமை வாய்ந்த கந்தளாய்க் குளத்தின் கரை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். புதிய அணையும் உடைந்தது. பழைய அணையும் உடைந்தது. புதுமையும் பழைமையும் காப்பாற்றா, பராமரிப்பே காப்பாற்றும்.

இவற்றுள் எல்லாம் நம் நெஞ்சில் தைக்கவேண்டிய வரலாறு ஒன்று அமெரிக்காவில் நடந்தது. பென்சில்வேனியா மாநிலத்தில் ஜான்ஸ்டவுன் என்பது இரும்பாலைத் தொழிலாளர் வாழ்ந்த ஊர். அதற்கு மேலே மலையில் ஒரு பழைய மண்ணணை இருந்தது. அந்த ஏரியைப் பெருஞ்செல்வர்களின் கழகம் ஒன்று வாங்கிற்று. மீன் பிடித்துப் பொழுதுபோக்குவதற்காக. கார்னகி, பிரிக் முதலிய ஆலை அதிபர்கள் அதில் உறுப்பினர். அணையின் அடியில் நீரை வெளியேற்ற இருந்த குழாய்களை முந்திய உடைமையாளர் முன்பே எடுத்துவிட்டிருந்தார். கழகத்தார் அவற்றைத் திரும்பப் பொருத்தவில்லை. குதிரை வண்டி போவதற்காக அணையின் உச்சியைத் தாழ்த்தினர். வாங்கி விட்ட மீன்கள் தப்பிவிடாமல் இருக்கக் கலிங்கின் குறுக்கே வலைத் தடுப்பு வைத்தனர். 1889ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் பெருமழை. வலையில் குப்பை அடைத்தது, நீர் தலைக்குமேல் புரண்டது, அணை போயிற்று. கீழே 2,200க்கு மேற்பட்டோர் மாண்டனர். கழகத்தின்மேல் தொடுத்த வழக்கு எதுவும் வெல்லவில்லை. கடவுளின் செயல் என்றார்கள்!

தோழர்களே! மழை இயற்கையின் செயல், ஒப்புக்கொள்கிறேன். கலிங்கில் வலை கட்டியது யாருடைய செயல்? மேட்டிலே இருப்பவனுக்கு மீன். பள்ளத்திலே இருப்பவனுக்குச் சாவு. நாடு வேறு, மொழி வேறு, கணக்கு மட்டும் ஒன்றாகவே இருக்கிறது.

அதே அமெரிக்காவில் நல்ல பாடமும் உண்டு. 1948ஆம் ஆண்டு ஒக்லகோமா மாநிலத்தில், நாட்டுப்புற வெள்ளத் தடுப்புக்கென்று ஒரு சிறு மண்ணணை எழுந்தது. 1954இல் அதற்கென்று ஒரு சட்டமும் வந்தது. நாளடைவில் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட சிறு அணைகள் எழுந்தன. அவற்றின் தத்துவம் எளியது. பெருமழை நீரை ஒரேயடியாகக் கீழே அனுப்பாமல், மேலே உள்ள ஓடைகளில் சிறிது நேரம் நிறுத்தி, ஒரு குழாய் வழியே நிதானமாக வெளியே விடுவது; அதற்கும் மிஞ்சினால் புல் போர்த்திய பக்கவழியில் ஓடவிடுவது. அந்த அணைகளை அவ்வப்பகுதி உழவர் அமைப்புகளே ஏற்றுப் பேணும் முறையும் வைத்தனர். ஆயினும் அவற்றுள் பல ஐம்பது ஆண்டு ஆயுளுக்கென்று கணக்கிடப்பட்டவை. அந்த ஆயுள் கழிந்தபின், பழுது பார்க்கும் செலவு அந்நாட்டுக்குப் பெருங்கவலையாகிவிட்டது. கட்டுவது ஒருநாள் விழா. காப்பது ஒவ்வொரு நாள் கடமை.

இந்த முறையை அப்படியே கொண்டுவந்து கீழவாஞ்சூரில் நட்டுவிடலாமா? ஆகாது. அங்கே மேடு உண்டு, பள்ளத்தாக்கு உண்டு, நீரை நிறுத்தலாம். இங்கே நிலம் தட்டையாகக் கிடக்கிறது. நம் மண்கரைக்கு இரண்டு எதிரிகள். மேற்கிலிருந்து வரும் வெள்ளம் ஒன்று. கிழக்கிலிருந்து ஏறும் ஓதம் மற்றொன்று. ஆற்று வெள்ளம் வயலுக்குள் வாராமல் கரை தடுக்கும், உண்மை. ஆனால் வயலிலேயே பெய்த மழை வெளியே போகாமலும் அதே கரை தடுக்கும். ஆற்று வெள்ளத்துக்குத் தப்பிய சம்பாப் பயிர், தேங்கிய மழைநீரில் அழுகிப்போவதை நாம் காணவில்லையா? ஆகவே கரை எழுப்பும் இடந்தோறும் மதகு வேண்டும். கடல் தாழும்போது திறந்து உள்நீரை வடிக்கவும், கடல் ஏறும்போது மூடி உவர்நீரைத் தடுக்கவும் வல்ல மதகு வேண்டும். வடிகாலில் வெங்காயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டிக் கிடந்தால் எந்த மதகும் பயன்படாது. முகத்துவாரம் மணலால் அடைபட்டிருந்தால் எந்தக் கரையும் காப்பாற்றாது. கரையை உயர்த்து என்று ஒரு குரல் எழுப்பினால், வடிகாலை வெட்டு என்று இரண்டு குரல் எழுப்பவேண்டும்.

அண்டையில், தமிழ்நாட்டின் வெண்ணாற்றுப் பகுதியில், ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு 2016இல் தொடங்கிய திட்டத்தின்கீழ், கரைகளைப் பலப்படுத்துவதும் கடைமடை நீரொழுங்கிகளைக் கட்டுவதும் ஒருங்கே மேற்கொள்ளப்பட்டன. காரைக்காலிலும் 2019இல் 'நம் நீர்' என்ற பெயரில் குளங்கள் தூர்வாரப்பட்டன. தூர்வாரிய குளமும் ஒரு வெள்ளத் தடுப்புத்தான். தட்டை நிலத்தில் நீரை நிறுத்த அதைவிடச் சிறந்த இடம் இல்லை.

இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. அதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். 1739இல் பிரெஞ்சுக்காரர் காரைக்காலைப் பெற்றனர். 1954 நவம்பர் 1ஆம் நாள் அவர்கள் ஆட்சி நீங்கிற்று. 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் சட்டப்படியும் இணைப்பு நிறைவேறிற்று. பிரெஞ்சுக்காரன் போய்விட்டான், அவன் கிழித்த கோடு போகவில்லை. இந்தப் பக்கம் புதுச்சேரி ஆட்சி. அந்தப் பக்கம் தமிழ்நாட்டு ஆட்சி. காவிரி வழக்கில், 2007ஆம் ஆண்டு நடுவர் மன்றமும் 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமும் புதுச்சேரிக்கென்று 7 ஆயிரம் மில்லியன் கன அடி நீரைப் பங்கிட்டன. நன்று. வறட்சிக்காலத்து நீருக்குப் பங்கு எழுதிவிட்டோம். வெள்ளக்காலத்து நீருக்கு யார் பங்கு எழுதினார்? மேலே உள்ள மதகைத் திறப்பவர் ஒரு ஆட்சியின் அலுவலர். கீழே வீட்டுக்குள் நீர் புகக் காண்பவர் இன்னொரு ஆட்சியின் குடிமகன். வெள்ளத்துக்கு எல்லைக்கோடு தெரியாது. தெரிய வேண்டியது நமக்குத்தான்.

நம் கரையை மட்டும் உயர்த்திக்கொண்டால் தண்ணீர் எங்கே போகும்? எதிர்க்கரை ஊருக்குப் போகும். அவர்களும் உழவர், அவர்களும் தமிழர், அவர்கள் வீட்டிலும் குழந்தைகள் உறங்குகின்றன. இருட்டிலே எதிர்க்கரையை வெட்டிவிடும் பழைய பகைமையை இந்தத் தலைமுறை கைவிடவேண்டும். இரு கரையும் ஒரே அளவில் உயர்வதே நியாயம். இரு ஆட்சியும் ஒரே மேசையில் அமர்வதே அறிவு.

ஊருக்குள்ளேயும் ஓர் எல்லைக்கோடு உண்டு. தஞ்சைத் தரணியில் சேரிகளை எங்கே வைத்தார்கள்? மேட்டிலே கோயிலும் அக்கிரகாரமும் மிராசுதாரர் மாளிகையும். வாய்க்கால் ஓரத்துத் தாழ்நிலத்தில் சேரி. வெள்ளத்துக்குச் சாதி தெரியாது என்று சிலர் சொல்வார்கள். தெரியாதுதான்; ஆனால் சாதி பார்த்து மனிதன் குடியமர்த்திய இடத்துக்கு வெள்ளம் முதலில் வருகிறது. ஆகவே மண்கரை எங்கே தொடங்கவேண்டும், எங்கே முடியவேண்டும் என்று வரைபடம் போடும்போது, நிலத்தின் விலையைப் பார்த்துக் கோடு போடலாகாது. தாழ்ந்த குடிசையின் தரைமட்டத்தை அளந்து கோடு போடவேண்டும்.

சட்டம் நம்மைக் காக்கும் என்று இருந்துவிடலாமா? 2021ஆம் ஆண்டு நாடாளுமன்றம் அணைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. 15 மீட்டருக்கு மேல் உயர்ந்த அணைகளும், 10 முதல் 15 மீட்டர் உயரமுடையவற்றுள் சில வகைகளும் அதற்குள் அடங்கும். நாம் பேசும் சிறு மண்ணணை அந்தச் சட்டத்தின் கண்ணுக்கே தெரியாது. பெரிய அணைக்கு ஆணையம் உண்டு, குழு உண்டு, ஆய்வு உண்டு. சிறிய அணைக்கு என்ன உண்டு? ஊர் உண்டு. ஊரைத் தவிர வேறு காவலன் இல்லை.

அந்த ஊருக்கு அதிகாரம் உண்டா? இங்கேதான் என் பேச்சின் உயிர் இருக்கிறது. சோழன் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறித்த உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்ற குழுவைச் சொல்கின்றன. குடவோலை இட்டு ஆண்டுதோறும் அதற்கு ஆள் தேர்ந்தெடுத்தனர். அதிலும் நிலமும் வேதக் கல்வியும் உடையவர்க்கே இடம் இருந்தது. மண் சுமந்தவனுக்கு ஓலை இல்லை. அக்குறையை மறைத்துப் பழம்பெருமை பேசுவது என் வழக்கமன்று. எனினும், நீரைக் காப்பவர் ஊராரால் தேர்ந்தெடுக்கப்பட்டவராக இருக்கவேண்டும் என்ற எண்ணமாவது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இருந்தது. புதுச்சேரி ஆட்சிப் பகுதியிலோ, 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடக்க 2006 வரை, முப்பத்தெட்டு ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் மீண்டும் ஆண்டுக்கணக்கில் தேர்தல் இன்றிக் கொம்யூன் பஞ்சாயத்துகள் அலுவலர் கையில் இருந்தன. அலுவலரைக் குறை கூறவில்லை. இன்று இருப்பார், நாளை மாற்றலாகிப் போவார். எந்த மதகின் பலகை உளுத்திருக்கிறது, எந்தக் கரையில் நண்டு வளை கிடக்கிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்த நமக்கோ அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவர்க்கோ தெரிய வழி இல்லை. இந்த இடைவெளியில்தான் தோழர்களே, உடைப்பு முதலில் ஏற்படுகிறது. மண்கரை உடைவது அதற்குப் பிறகுதான்.

ஆகவே நான் உங்கள்முன் வைக்கும் கோரிக்கைகள் நான்கு. முதலாவது, மண்கரை எழுப்பும் திட்டம் எதுவாயினும், கலிங்கும் மதகும் வடிகாலும் அதே திட்டத்தில், அதே ஆண்டில் இடம் பெறவேண்டும். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஏமாற்று. இரண்டாவது, கட்டுவதற்குப் பணம் ஒதுக்கும் நாளிலேயே, ஆண்டுதோறும் பேணுவதற்கும் பணம் ஒதுக்கவேண்டும். மண் சுமக்கும் கைகளுக்கு முழுக் கூலி வேண்டும், வெட்டி வேலை கூடாது. மூன்றாவது, மழைக்காலம் தொடங்குமுன்பே காரைக்கால் அலுவலரும் நாகை அலுவலரும், இரு பக்க உழவர் பிரதிநிதிகளும் கூடி, எந்த மதகை எப்போது திறப்பது என்று எழுதி வைக்கவேண்டும். அதை ஊர் ஊராகப் பறையறைவதுபோல் அறிவிக்கவேண்டும். நான்காவது, கரையைக் காக்கும் குழுவை ஊரார் தேர்ந்தெடுக்கவேண்டும். அதில் நிலம் உடையவரோடு நிலம் அற்றவரும், ஆடவரோடு பெண்டிரும், வயற்காரரோடு கடற்றொழில் செய்வோரும் சமமாக அமரவேண்டும்.

இவை பெரிய கோரிக்கைகள் அல்ல. ஒரு சிறு மண்ணணையின் அளவுக்குச் சிறியவையே. ஆனால் 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையைக் கண்ட கரை இது. 2018 நவம்பரில் கஜா புயலைக் கண்ட கரை இது. கடல் வெப்பமடைந்து மழையின் போக்கு மாறிவரும் காலத்தில், பெரிய பேச்சுகள் பெரிய நகரங்களில் நடக்கின்றன. அவை முடியும்வரை கார்த்திகை மழை காத்திராது.

பாண்டியன் காலத்தில் வந்திக் கிழவிக்காக மண் சுமக்கக் கடவுள் வந்தார் என்று நம்பினார்கள். நம் காலத்தில் அவளுடைய பங்கைச் சுமக்க வேண்டியது அரசு. அரசு மறந்தால் நினைவூட்ட வேண்டியது நாம். இதுவரை மண் சுமப்பவன் ஒருவன், மடை திறப்பவன் வேறொருவன் என்று இருந்தது. மண் சுமந்த கையே மடையின் திறவுகோலையும் பிடிக்கும் நாள் வரவேண்டும். அந்த நாளில், கீழவாஞ்சூரின் 'கீழ' என்ற சொல் திசையை மட்டுமே குறிக்கும், தாழ்வைக் குறிக்காது.